ரௌத்னா தேர்ந்த கத்தி

என் தங்கை ரௌத்னாவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி கத்தியைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவள் கத்திக் கடை வைத்திருக்கவில்லை. கத்தி அடிக்கவும் தெரியாது. என்னைப் போலவே பனிமான் மேய்ப்பவள். ஆனாலும் வடதுருவப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரான கௌதொகெய்னோவிலிருந்து கடற்கரை வரை யார் புதுக் கத்தி வாங்கினாலும் எவ்வளவு நீளம் வாங்குவது என்று அவளைத்தான் கேட்கிறார்கள். நான் அவளுக்கு அக்கா, பதினொரு வயது மூத்தவள். பெயர் சுன்னா. ஏழு வகுப்புதான் படித்தேன். அவள் எப்படி இப்படி ஆனாள் என்று ஊரில் சொல்லும் கதையில் அளவுகள் எல்லாம் தப்பாக இருப்பதால் நானே எழுதுகிறேன். அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அளவுகோலும் என்னிடம்தான் இருந்தது.

போன ஆகஸ்டில் தெற்கிலிருந்து இங்கே வேலைக்கு வந்த செவிலி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். மலையில் நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறாளாம்.

"ஒரே கத்தி வாங்கினாப் போதுமா? எவ்வளவு நீளத்துல வாங்கட்டும்?" என்று கேட்டாள்.

"எதை வெட்டப் போறீங்க?" என்றாள் ரௌத்னா.

"எல்லாத்தையும்தான்."

"எல்லாத்தையும்னா? ரொட்டியா, மரமா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னா ரெண்டு கத்தி வேணும். ஒண்ணைத்தான் தூக்க முடியும்னா பத்துப் பன்னெண்டு சென்டிமீட்டர் போதும். அதை வெச்சுக் கட்டைவிரல் கனத்துக்கு மேல விறகு வெட்டாதீங்க. காஞ்ச கிளையா பாத்துக் கையால முறிச்சுக்குங்க. கையுறை கொண்டு வந்திருக்கீங்களா?"

"ஆகஸ்ட் மாசத்துல கையுறை எதுக்கு?"

"கத்தி ஜனவரியிலயும் உங்ககிட்டதானே இருக்கும்?"

செவிலி சிரித்துவிட்டாள். ரௌத்னா சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன் உரோமக் கையுறையைக் கொண்டுவந்து அவளுக்கு மாட்டிவிட்டு, நான்கு கத்திகளின் பிடியை ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொன்னாள். வெறுங்கைக்குப் பொருத்தமாக இருந்த பிடி கையுறைக்குள் சுள்ளியைப் போல ஆனது. செவிலி தன் பையில் ஒரு மடக்குக் கத்தி இருப்பதாகச் சொன்னாள். மடிப்புக்குள் ஈரம் போய் உறைந்துவிட்டால் அதைப் பல்லால்தான் திறக்க வேண்டியிருக்கும் என்று ரௌத்னா சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணின் உள்ளங்கையை விரித்து, சுண்டுவிரல் பக்கத்திலிருந்து ஆள்காட்டி விரல் பக்கம் வரை அகலத்தை அளந்தாள். எட்டேகால் சென்டிமீட்டர். வருகிற எல்லோருடைய கையையும் அவள் அளப்பாள். அளந்துவிட்டுத்தான் முடிவான அளவைச் சொல்வாள்.

அவள் இடுப்பில் ஒரே உறைக்குள் இரண்டு கத்திகள் தொங்கும். பெரியதன் அலகு இருபது சென்டிமீட்டர், முதுகு தடித்தது. கூடாரக் கம்பு வெட்ட, பிர்ச் மரக் கட்டையைப் பிளக்க, எலும்பை உடைத்து உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுக்க அதுதான். அது இருந்தால் கோடரி சுமக்க வேண்டாம். அதன் நீளத்தை அவள் ஒரு ஜனவரியில் முடிவு செய்தாள். பதினேழிலிருந்து இருபத்தைந்து வரை ஆறு கத்திகளை இரவல் வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, தன் மணிக்கட்டுக் கனமுள்ள கிளையை ஒவ்வொன்றாலும் வெட்டிப் பார்த்தாள். பதினேழுக்கு எட்டு வெட்டு ஆனது. இருபதுக்கு ஐந்து. இருபத்தைந்துக்கும் ஐந்துதான், ஆனால் அது பனிச்சறுக்கு வண்டியில் உட்காரும்போதெல்லாம் தொடையில் இடித்தது. ஆகவே இருபது. சின்னக் கத்தியின் அளவு அவளுக்குக் கிடைத்த விதம்தான் நான் சொல்ல வந்தது.

ரௌத்னா சிறு வயதிலிருந்தே கேள்வி கேட்பவள். அப்பாவின் பெரிய கத்தியை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தன் முன்னங்கையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பாள். ஏழு வயதில் ஒரு நாள், "நான் மட்டும் வளர்றேன், கத்தி ஏன் வளரல?" என்று கேட்டாள். வளர்ந்தால் உறை வாங்கிக் கட்டுப்படியாகாது என்று அப்பா சொன்னார். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை. விடுதிப் பள்ளியிலும் அப்படித்தான். பாடம் முடியும், அவள் கேள்வி முடியாது. நாங்கள் பெருமைப்படும்படி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

பள்ளி முடிந்ததும் கடற்கரையில் ஒரு மீன் ஆலைக்கு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம். பிறகு, மந்தைக்கே வருகிறேன் என்று திரும்பினாள். அப்பா தன் மான்களில் சிலவற்றை அவளுக்குப் பிரித்துக் கொடுத்தார். மான் யாருடையது என்று அதன் காதில் போட்ட வெட்டுதான் சொல்லும், அப்படி ஒரு காதுக் குறியை அவள் பெயருக்கும் பதிவு செய்தோம். அடுத்த குளிர்காலமே மோசமாகப் போனது. டிசம்பரில் மழை பெய்து, பனிக்கு மேல் பாறைபோல உறைந்துவிட்டது. மான்கள் குளம்பால் எவ்வளவு தோண்டியும் தின்னப் பாசி கிடைக்கவில்லை. வசந்தத்தில் ரௌத்னாவிடம் மிஞ்சிய தாய் மான்களில் மூன்றுதான் கன்று போட்டன. இரண்டு காளைக் கன்று, ஒன்று கிடேரி.

கிடேரி இருந்தால்தான் மந்தை பெருகும். காளைக் கன்றை இறைச்சிக்குத்தான் கொடுக்கலாம். மீன் ஆலை மேலாளர் நல்ல மனிதர், அவளுக்காக இலையுதிர் காலம் வரை இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். "அந்தக் கிடேரி நின்னா நானும் நிக்கிறேன் அக்கா. இல்லேன்னா மீனுக்கே போறேன்" என்று ரௌத்னா என்னிடம் சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் அப்படிச் சொன்னால் அப்படியே செய்வாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வசந்தத்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும்போது அவளுடைய பழைய சின்னக் கத்தி துளைக்குள் போய்விட்டது. நான் ஈஸ்டர் சந்தையில் அவளுக்குப் புதிது வாங்கினேன். கொம்புப் பிடி, செதுக்கிய உறை. அலகு பன்னிரண்டு சென்டிமீட்டர், அகலம் இரண்டேகால், பிடி பதினொன்று. எல்லாவற்றையும் நானே அளந்தேன். சந்தையில் அதைவிட நல்ல கத்தி அன்று இல்லை. என் தங்கை முதல்முறையாகத் தன் குறி போடப்போகிறாள், பட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று வாங்கினேன். பிடியை என் கையில் பிடித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. என் உள்ளங்கை ஒன்பது சென்டிமீட்டர். அவளுடையது ஏழு. இதை மட்டும் நான் அன்று அளக்கவில்லை.

ஜூலையில் குறி போட்டோம். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு முற்பகல். கன்றுகளைப் பிடித்துக் கழுத்தில் எண் அட்டை கட்டி விட்டிருந்தோம். எந்த எண் எந்தத் தாயின் பின்னால் போகிறது என்று பார்த்து யாருடையது என்று தெரிந்துகொண்டோம். ரௌத்னாவின் கிடேரி பதினான்கு. அவளுடைய குறி இதுதான்: வலக்காதின் நுனியில் ஒரு வெட்டு, இடக்காதின் பின்விளிம்பில் ஒரு வெட்டு. எங்கள் பெரியப்பா மகன் இஸ்ஸாத்தின் குறியும் கிட்டத்தட்ட அதேதான், இடக்காதில் மட்டும் முன்விளிம்பிலும் சேர்த்து இரண்டு வெட்டு. ஒரே குடும்பம் என்பதால் குறிகளும் ஒரே சாயலில் இருக்கும்.

ரௌத்னா கன்றை முழங்காலுக்கு இடையில் அணைத்துக்கொண்டு வலக்காதை முடித்தாள். இடக்காதை மடித்துப் பிடித்துக் கத்தியை வைத்தாள். கன்று தலையை உதறியது. அவ்வளவுதான். வெட்டிய காதுத் துண்டுகளை நாங்கள் எறிவதில்லை, எத்தனை கன்று குறித்தோம் என்று எண்ணுவதற்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அவள் துண்டுகளை என்னிடம் நீட்டினாள். நான் எண்ணினேன். இரண்டு இருக்க வேண்டும், மூன்று இருந்தன.

காதின் மேல் மடிப்பை வெட்டிய கத்தி அதோடு நிற்காமல், நுனியால் கீழ் மடிப்பில் இருந்த முன்விளிம்பிலும் ஒரு துண்டை எடுத்துவிட்டிருந்தது. கன்றின் காதில் இப்போது இஸ்ஸாத்தின் குறி.

இஸ்ஸாத் வந்து குனிந்து பார்த்தான்.

"என்னடி ரௌத்னா, எனக்குக் கன்னு தானம் பண்றியா? முன்னாடியே சொல்லியிருந்தா நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்திருப்பேன்ல."

அவள் கத்தியின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நுனி எங்க போச்சுன்னே எனக்குத் தெரியல அண்ணே" என்றாள்.

"உனக்குத் தெரியலேன்னா காதுக்குத் தெரியும்."

"இஸ்ஸாத், விளையாடாத. அவகிட்ட இருக்கறது அந்த ஒரு கிடேரிதான்" என்றேன் நான்.

"நான் விளையாடல சுன்னா. மலைக்குப் போனப்புறம் இந்தக் கன்னைப் பாக்குறவன் காதைத்தான் பாப்பான். நீ கூடவே நடந்து போய், 'ஐயா இது கைதவறி விழுந்த வெட்டு'ன்னு சொல்லிக்கிட்டு இருப்பியா?"

அதில் நியாயம் இருந்தது. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"முப்பத்தொண்ணு என்னோட கிடேரி. அதுக்கு இன்னும் குறி போடல. மாத்திக்கலாம். ஆனா மாத்தி வாங்குறவங்க கையாலதான் குறி போடணும், அது நம்ம வழக்கம். சுன்னா வெட்டித் தர முடியாது, நானும் முடியாது. ஹெய்க்கா காப்பி போடறான். குடிச்சு முடிச்சதும் கதவைத் திறந்துருவேன். தாய்ங்க ரொம்ப நேரமா பட்டினி, இதுக்கு மேல அடைச்சு வைக்க முடியாது. அதுக்குள்ள முடி."

"இதையும் கெடுத்துட்டா?" என்றாள் ரௌத்னா.

"ரெண்டும் எனக்கு. அப்புறம் உன்னை மாதிரி இன்னும் நாலு தங்கச்சிங்க கிடைச்சா நான் பெரிய ஆளாயிருவேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அழுதிருப்பார்கள், அல்லது கத்தி கொடுத்த அக்காவைத் திட்டியிருப்பார்கள். ரௌத்னா கத்தியை உறையில் போட்டுவிட்டு நேராக ஹெய்க்காவின் அடுப்பங்கரைக்குப் போனாள். ஹெய்க்கா எங்கள் கூட்டத்துக்குச் சமைப்பவர். முழங்கால் வலி இருப்பதால் பட்டிக்குள் ஓடமாட்டார். அவரிடமிருந்து ஒரு மெல்லிய ரொட்டியை எடுத்துக் காது அளவுக்குக் கிழித்து, இரண்டாக மடித்தாள்.

"ஏம்மா, அது சாப்பிடற ரொட்டி" என்றார் ஹெய்க்கா.

"சாப்பிடத்தான் போறோம். மொதல்ல வெட்டிப் பாக்குறேன்."

புதுக் கத்தியால் மடிப்பை வெட்டினாள். மேல் துண்டு விழுந்தது, கீழேயும் கிழிந்திருந்தது. அலகின் முதுகில் தன் ஆள்காட்டி விரல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தாள். என்னிடம் அளவுகோலைக் கேட்டாள். விரல் நுனிக்கு அப்பால் ஆறு சென்டிமீட்டர் கத்தி நீண்டிருந்தது.

"விரலுக்கு அந்தப் பக்கம் இருக்கற கத்தி குருடு அக்கா. அது என்ன பண்ணுதுன்னு கைக்குத் தெரியல" என்றாள்.

பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கத்தி கேட்டாள். பட்டிக்குள் சிரிப்பு ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் மொய் வசூலிக்கிற மாதிரி வருகிறாளே என்று ஒருவன் சொன்னான். என் கத்தி பதினொன்று, ரொட்டியின் கீழ் மடிப்பு கிழிந்தது. இஸ்ஸாத்தின் கத்தி ஒன்பது, நீளம் பரவாயில்லை, ஆனால் பிடி தடிமன், அவள் விரல்கள் சுற்றி வந்து சேரவில்லை. அவன் மனைவியின் கத்தி எட்டு. ரௌத்னாவுக்கு அது சரியாக வரும் என்று நான் நினைத்தேன். அலகு அகலமாக இருந்ததால் மடிப்புக்குள் திரும்பவில்லை, வெட்டு கோணலாகப் போனது.

"நீளம் மட்டும் இல்ல போலிருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கிடேரியை மறந்துவிட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு ஆர்வம் அதில்.

காப்பி கொதித்துவிட்டது. எங்கள் வழக்கப்படி காப்பிக் குவளைகளில் போடுவதற்கு ஹெய்க்கா பாலாடைக்கட்டியை நறுக்கிக்கொண்டிருந்தார். ரௌத்னாவின் கண் அவர் கையில் இருந்த கத்திக்குப் போனது. பிடியில் கறுப்பு நாடா சுற்றியிருந்தது. அலகு மெலிந்து, தேய்ந்து, குட்டையாக இருந்தது.

"ஹெய்க்கா மாமா, இதைக் கொஞ்சம் குடுங்க."

"இதையா? இது மானம் கெட்ட கத்திம்மா. பாலாடைக்கட்டி நறுக்கத்தான் ஆகும்."

"ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?"

"ஒரு மானோட முதுகெலும்புல சிக்கி முனை ஒடஞ்சுது. மிச்சத்தை முனை வர்ற வரைக்கும் தேய்ச்சேன். புதுசு வாங்கணும்னு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நெனைக்கிறேன்."

"ஏன் வாங்கல?"

ஹெய்க்கா யோசித்தார். "கட்டி நல்லா நறுக்குதே" என்றார்.

அவள் ரொட்டியை மடித்து வெட்டினாள். மேல் துண்டு மட்டும் விழுந்தது. இன்னொரு தரம் வெட்டினாள், அப்படியே. மூன்றாம் தரம் என்னை ரொட்டியைப் பிடித்து உதறச் சொன்னாள், கன்று உதறுவதைப் போல. உதறினேன். கீழ் மடிப்பு அப்படியே இருந்தது. நான் அளந்தேன். அலகு ஆறரை சென்டிமீட்டர். ஊரில் ஆறு என்றும் ஐந்து என்றும் சொல்கிறார்கள். ஆறரைதான். அகலம் ஒன்றேகால். அதை அவள் தன் உள்ளங்கையின் குறுக்கே வைத்துப் பார்த்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர்தான் குறைவு.

இதற்குள் எல்லோரும் காப்பி குடித்துக் குவளையைக் கவிழ்த்துவிட்டார்கள். இஸ்ஸாத் மட்டும் குடித்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் இரண்டு குவளைக்கு மேல் குடிக்கமாட்டான், வயிற்றுக்கு ஆகாது. அன்று நான்கு குடித்தான். நான் எண்ணினேன். நான்காவதை ஊதி ஊதிக் குடித்தான்.

முப்பத்தொன்றைச் சுருக்குக் கயிற்றில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். ரௌத்னா அதை முழங்காலுக்கு இடையில் வைத்துக்கொண்டாள். வலக்காதின் நுனியை வெட்டினாள். இடக்காதை மடித்தாள். ஹெய்க்காவின் கத்தி அவள் கைக்குள் போனதும் ஆள்காட்டி விரலுக்கு அப்பால் நீண்டது அரை சென்டிமீட்டர்தான். கன்று மறுபடி உதறியது, முன்னதைவிடப் பலமாக. அவள் கையும் அதோடு சேர்ந்தே போனது, சேர்ந்தே திரும்பி வந்தது.

இஸ்ஸாத் கையை நீட்டினான். அவள் துண்டுகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு." பிறகு காதைத் திருப்பிப் பார்த்தான், கீழேயும் தடவிப் பார்த்தான். "ஹெய்க்கா, உன் கத்தியால எனக்கு ஒரு கன்னு போச்சு. இனிமே எனக்குக் கட்டி வேணாம்."

"உனக்கு நான் போட்டதே இல்லையே" என்றார் ஹெய்க்கா.

கதவைத் திறந்தார்கள். மந்தை மலைக்கு ஓடியது. குறி மாறினாலும் தாய் மாறாது அல்லவா, முப்பத்தொன்று இஸ்ஸாத்தின் மானோடும் பதினான்கு ரௌத்னாவின் மானோடும் ஓடின. கோடை முழுக்க உன் மான் என் கன்றுக்குப் பால் கொடுக்கிறதா என்று இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு மனது சரியில்லை. கூடாரத்துக்குத் திரும்பும் வழியில் அந்தச் சந்தைக் கத்தியை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன்.

"கத்தி நல்ல கத்தி அக்கா. உன் கைக்கு வாங்கியிருக்க. நீயே வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து விரித்து, நடந்துகொண்டே அளந்தாள். அவள் அளந்த முதல் கை என்னுடையது. அதன் பிறகு இருநூறு கைகளாவது இருக்கும்.

ஹெய்க்கா தன் கத்தியைத் தர மறுத்துவிட்டார். கடற்கரையில் ஒரு கொல்லரிடம் அதே ஆறரையில், அதே ஒன்றேகால் அகலத்தில், பிடி மட்டும் தன் கைக்கு ஏற்றபடி செய்து வாங்கினாள். குறி போடும் கத்தி அவரவர் உள்ளங்கை அகலத்தைத் தாண்டக்கூடாது என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறாள். கூடாரத்துக்கும் சமையலுக்கும் ஒரே கத்தி வேண்டும் என்பவர்களுக்கு அதோடு இரண்டு விரல் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று யாராவது கேட்டால் அவளுக்கு மகிழ்ச்சி. அப்போது ரொட்டி செலவாகும்.

அந்த இலையுதிர் காலத்தில் மந்தையைப் பிரித்தபோது முப்பத்தொன்று கொழுத்து வந்து நின்றது. காது ஆறியிருந்தது, வெட்டு சுத்தமாகத் தெரிந்தது. அதைத் தன் பங்கில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ரௌத்னா மீன் ஆலை மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தாள். நான் அடுப்பில் காப்பி வைத்திருந்தேன்.

"நான் வரல சார். என் இடத்தை வேற யாருக்காவது குடுத்துருங்க" என்றாள்.

"அங்க அப்படி என்ன இருக்கு உனக்கு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"ஒரு கிடேரிக் கன்னு."

"ஒரு கன்னுக்காகவா?"

ரௌத்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க உள்ளங்கை எவ்வளவு அகலம் சார்?" என்று ஆரம்பித்தாள். அவள் பேசி முடிப்பதற்குள் காப்பியை நான் இரண்டு தரம் சூடு பண்ண வேண்டியிருந்தது.